பழைய கிறிஸ்-கிராஃப்ட் எஞ்சினில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்ஷன் வைக்கலாமா?

கேள்வி இதுதான். மிச்சிகனில் இருக்கும் ஒருவர் 1966ஆம் ஆண்டு கிறிஸ்-கிராஃப்ட் மரப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே செவ்ரலே 327 வி8 எஞ்சின், நாலு பேரல் கார்புரேட்டர். நன்றாகச் சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பிடிக்க மாட்டேன் என்கிறதாம். ஐடிலில் நிற்கும்போது பெட்ரோல் வாடை. மெகாஸ்குவர்ட் போன்ற, எஞ்சினை நடத்தும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்ஷனைத் தானே செய்துவிடலாம் என்று நினைக்கிறார். எந்த அளவு இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் மூக்கு), ஃபியூயல் மேப்பை (எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அட்டவணை) எங்கிருந்து எடுப்பது என்று கேட்கிறார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு: மூன்று பார் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோலை மூடிய படகின் அடிவயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக ஓட்டுவது? கம்ப்யூட்டர் இந்த வேலையில் சுலபமான பாதி.

நான் பல வருடங்களாகப் படகு எஞ்சின் வேலை செய்கிறேன். பெரும்பாலும் இந்த மாதிரி பழைய செவ்ரலே வி8கள்தான். காரில் இன்ஜெக்ஷன் மாற்றிய நண்பர்களிடம் கேட்டால் ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலை என்பார்கள். காருக்கு அது சரி. காரில் பெட்ரோல் கசிந்தால் ரோட்டில் சொட்டும், ஆவி காற்றோடு போய்விடும். படகில் அது பில்ஜுக்குள், அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அங்கேயே படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி அவரிடமே நேராகச் சொல்கிறேன். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளும் இன்ஜெக்ஷன் இல்லாததால் வந்தவை என்று சொல்ல முடியாது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், நிறுத்திய பிறகு எஞ்சின் சூடு மேலே ஏறி கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைப்பது. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். இப்போது அமெரிக்காவில் கிடைக்கும் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த விஷயத்தில் 1966இன் பெட்ரோலைவிட மோசம். கொதித்தது உள்ளே வழிந்து மேனிஃபோல்டை, அதாவது கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்ப் பகுதியை, நனைத்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்தால் எஞ்சின் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் இதுதான் வியாதி. கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத ஒரு ஸ்பேசர், புது ஃப்ளோட் ஊசி (கிண்ணம் நிரம்பியதும் மிதவை மூடும் வால்வு), சரியான ஃப்ளோட் மட்டம் இவற்றோடு பாதிப் பிரச்சினை போய்விடலாம். அதற்கு ஆகும் செலவு இன்ஜெக்ஷனுக்கு ஆவதில் ஒரு சிறு துண்டுதான். பெட்ரோல் வாடைக்கும் இன்றைக்கே காரணம் தேட வேண்டும். இன்ஜெக்ஷன் வரும்வரை அது காத்திருக்கக் கூடாது.

சரி, அதையெல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஆசை போகவில்லை என்றால் எரிபொருள் பாதையிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் எஞ்சினில் இப்போது இருப்பது கேம்ஷாஃப்ட் ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப். ஐந்து முதல் ஏழு பிஎஸ்ஐ அழுத்தம்தான் தரும். இன்ஜெக்டருக்கு 43 பிஎஸ்ஐ, அதாவது முன்பு சொன்ன மூன்று பார், வேண்டும்; கார்புரேட்டர் இடத்தில் உட்காரும் சில த்ராட்டில் பாடி கிட்களுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். காரில் செய்வதுபோல டேங்குக்குள் பம்பை இறக்கி, நீளமான குழாயில் உயர் அழுத்தத்தை எஞ்சின்வரை இழுத்து வரலாமே என்று தோன்றும். படகில் அதைச் செய்யாதீர்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி, ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பம்பைத் தவிர மற்ற எரிபொருள் பம்ப் எஞ்சின் மேலேயே இருக்க வேண்டும், அல்லது அதிலிருந்து 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதோ ஸ்டார்ட் ஆகும்போதோ தவிர எலெக்ட்ரிக் பம்ப் ஓடக் கூடாது. டேங்கிலிருந்து எஞ்சின்வரை போகும் குழாயில் அழுத்தம் இல்லாமல் இருந்தால், அதில் விரிசல் விட்டாலும் பெட்ரோல் பீய்ச்சியடிக்காது. இதுதான் விதியின் நோக்கம். இந்த விதிகள் 1970களின் கடைசியில் வந்தவை, 1966 படகை அவை கட்டுப்படுத்தாது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். பெட்ரோல் ஆவி படகின் தயாரிப்பு வருடத்தைப் பார்ப்பதில்லை, இன்ஷூரன்ஸ் சர்வேயரும் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் வழி என்ன? எஞ்சின் கம்பெனிகள் பின்பற்றும் வழியையே பின்பற்றுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் அப்படியே இருக்கட்டும். அது டேங்கிலிருந்து இழுத்து, எஞ்சின் மேல் பொருத்திய ஒரு சிறிய மூடிய கலத்தை நிரப்பும். உள்ளே கார்புரேட்டரில் இருப்பது போன்ற ஒரு ஃப்ளோட் இருக்கும். உயர் அழுத்தப் பம்ப் அந்தக் கலத்திலிருந்து இழுக்கும், ரெகுலேட்டர் மிச்சத்தை அதே கலத்துக்குத் திருப்பும். ஆக, அழுத்தமுள்ள பாதை மொத்தமும் ஓர் அடி, இரண்டு அடிக்குள் எஞ்சின் மேலேயே முடிந்துவிடுகிறது. டேங்கில் புதிதாக ஓட்டை போட வேண்டாம், திரும்பும் குழாயும் வேண்டாம். மெர்க்ரூஸர் போன்ற படகு எஞ்சின் கம்பெனிகளின் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் இந்தக் கலம் இருக்கும். ஒன்றை வாங்கி மாட்டலாம். நீங்களே தகரத்தை வெட்டிப் பற்றவைக்க நினைக்க வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அது சூடு. சாதாரணமாகக் கிடைக்கும் இன்ஜெக்ஷன் பம்ப் மணிக்கு 255 லிட்டர் தள்ளும். ஐடிலில் உங்கள் எஞ்சின் குடிப்பது மணிக்குச் சில லிட்டர்தான். மீதி எல்லாம் அந்தச் சின்னக் கலத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து சூடேறும். அதனால்தான் கம்பெனிக் கலங்களைச் சுற்றி ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ ஓடும்படி செய்திருப்பார்கள். குளிர்விக்காத கலத்தை மாட்டினால், கார்புரேட்டரில் கொதித்த பெட்ரோல் இனிமேல் கலத்தில் கொதிக்கும். பம்ப் ஆவியை விழுங்கிவிட்டுக் கத்தும். எந்தக் கோளாறுக்காக இவ்வளவு செலவு செய்தீர்களோ அதே கோளாறு கையில் வந்து நிற்கும்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. படகுக்கான ஏ1 வகை ஹோஸ் நெருப்பில் இரண்டரை நிமிடம் தாக்குப்பிடிக்கும்படி சோதிக்கப்பட்டது. கார் ரேஸ் கடையில் கிடைக்கும் பளபளப்பான ஸ்டீல் பின்னல் ஹோஸ்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சோதனை இல்லை. ஹோஸ் மேலேயே எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். 43 பிஎஸ்ஐ பக்கத்தில் ஸ்க்ரூ கிளிப் வேண்டாம், அழுத்திப் பொருத்திய ஃபிட்டிங்தான் வேண்டும். ஐந்து பிஎஸ்ஐயில் ஊசித்துளை விழுந்தால் சொட்டும். 43இல் அதே துளை ஸ்ப்ரே மாதிரி அடிக்கும், அதுவும் சூடான எஞ்சின் அறைக்குள். ஃபில்ட்டர்களையும் இப்போதே மாற்றுங்கள்: டேங்குக்குப் பிறகு தண்ணீர் பிரிக்கும் ஃபில்ட்டர் ஒன்று, உயர் அழுத்தப் பம்புக்குப் பிறகு 10 மைக்ரான் ஃபில்ட்டர் ஒன்று. கார்புரேட்டர் பொறுத்துக்கொண்ட பழைய டேங்கின் கசடை இன்ஜெக்டர் பொறுக்காது.

இனி, எஞ்சின் அறைக்குள் வைக்கும் ஒவ்வொரு மின்சாமானும் பொறி வெளியே போகாத வகையாக இருக்க வேண்டும். விதியில் இதற்கான சோதனை என்ன தெரியுமா? சாமானைச் சுற்றி 4.25 முதல் 5.25 சதவீதம் புரோப்பேன் கலந்த காற்றை நிரப்பி அதை ஓட்டுவார்கள், பற்றக் கூடாது. கார் ரிலே, கார் ஆல்டர்னேட்டர், காருக்கான காற்றோட்டத் துளை வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எதுவும் இதில் தேறும் என்று நம்பாதீர்கள். கம்ப்யூட்டரையும் ரிலேக்களையும் எஞ்சின் அறைக்கு வெளியே, டாஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டால் தொல்லை குறையும். ஈரமும் குறையும். கார்புரேட்டர் மேலே இருக்கும் ஃப்ளேம் அரெஸ்டர் (எஞ்சின் பேக்ஃபயர் ஆனால், அதாவது பின்னோக்கி வெடித்தால், தீ வெளியே வராமல் தடுக்கும் வலை) போகக் கூடாது. 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு பொருத்திய பெட்ரோல் எஞ்சின் எல்லாவற்றுக்கும், படகுக்கு வெளியே பின்னால் தொங்கும் அவுட்போர்டைத் தவிர, அது கட்டாயம். இன்ஜெக்ஷன் வைத்தாலும் எஞ்சின் பேக்ஃபயர் ஆகத்தான் செய்யும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் 327 சுமார் 210 குதிரைசக்தி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைசக்திக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்பது இந்த வகை எஞ்சினுக்கு நியாயமான கணக்கு. அப்படியானால் முழு த்ராட்டிலில் மணிக்கு 105 பவுண்டு, ஏறக்குறைய 64 லிட்டர். எட்டு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டு, எதுவும் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று பார்த்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 170 சிசி. 200 முதல் 250 சிசிக்குள் எது கிடைத்தாலும் போதும். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் ஐடிலில் துல்லியம் போய்விடும். படகுத்துறையில் கட்டும்போது எஞ்சின் திணறும்.

ஆனால் உங்கள் படகுக்கு எட்டு இன்ஜெக்டர் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். எட்டு இன்ஜெக்டர் என்றால் மேனிஃபோல்டை எடுத்து எட்டு இடத்தில் துளைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே பெட்ரோல் கொண்டுவரும் ரெயில் குழாய், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் இரண்டு ஓ-ரிங். மொத்தம் 16 ரப்பர் வளையங்கள் எஞ்சின் அறையில் பெட்ரோலைப் பிடித்து நிற்கும். கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே நாலு போல்ட்டில் உட்காரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனில் எதையும் வெட்ட வேண்டாம், நினைத்த நாளில் பழையபடி மாற்றலாம். சிலிண்டர்களுக்குச் சமமாகப் பங்கிடுவதில் அது எட்டு இன்ஜெக்டருக்கு ஒரு படி கீழேதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, பிளக் மிகவும் வெளுத்துப்போன, அதாவது பெட்ரோல் குறைவாகக் கிடைக்கும், சிலிண்டருக்கு ஏற்றபடி கலவையைக் கொஞ்சம் செறிவாக (பெட்ரோல் கூடுதலாக) வைக்க வேண்டும். 1990களின் கம்பெனி மரைன் த்ராட்டில் பாடி செட் பழைய மார்க்கெட்டில் கிடைத்தால் அது இன்னும் நல்லது. ஒன்றே ஒன்று கவனியுங்கள்: 1987க்குப் பிறகு வந்த இரும்பு ஹெட்டுகளில் மேனிஃபோல்டின் நடு போல்ட்டுகளுடைய சாய்வு வேறு. அந்த மேனிஃபோல்டு உங்கள் ஹெட்டில் நேராக உட்காராது; த்ராட்டில் பாடியை மட்டும் அடாப்டர் வைத்து ஏற்றலாம்.

மேப் எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். காருக்கான 327 மேப்பை இறக்கி வைத்தால் எஞ்சின் ஓடும். ஆனால் படகுக்கு அது பொருந்தாது. கார் சமதளத்தில் சும்மா உருளும், இறக்கத்தில் ஓய்வெடுக்கும். படகு எஞ்சின் ஏற்காடு மலைப்பாதையில் இறக்கமே இல்லாமல் நாள் முழுக்க ஏறிக்கொண்டிருக்கும் லாரி. ப்ரொப்பல்லர் கேட்கும் சக்தி ஏறக்குறைய சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது: பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு சக்தி போதும், கடைசி சில நூறு ஆர்பிஎம்முக்குத்தான் எஞ்சின் மூச்சு வாங்கும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. காரில் மேப்பின் எல்லாக் கட்டங்களையும் சரி செய்ய வேண்டும். படகு ஒரே ஒரு வளைந்த கோட்டின் மேல்தான் போய்வரும். அந்தக் கோட்டையும் அதற்கு மேலே கொஞ்சத்தையும் சரி செய்தால் வேலை முடிந்தது. மேலே எதற்கென்றால், ஆறு பேர் ஏறினாலோ அடியில் பாசி பிடித்தாலோ கோடு மேலே நகரும். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு மேல் ஏறப் பாடுபடும் இடைவேகத்திலும் அப்படித்தான்: ஆர்பிஎம் குறைவு, சுமை அதிகம். கார் மேப்பைப் போட்டவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

கலவை விகிதத்தில் காரின் சிக்கனத்தைக் கொண்டுவராதீர்கள். 3,500 ஆர்பிஎம்மில் படகு நிதானமாகப் போகிறது என்று நமக்குத் தோன்றும், எஞ்சினுக்கு அது விடாத பாரம். லாம்டா கணக்கில் (முழுதாக எரியச் சரியான கலவை 1, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) ஐடிலில் 0.95 பக்கம், ஓட்டத்தில் 0.90 பக்கம், முழுத் த்ராட்டிலில் 0.85இலிருந்து 0.88 வரை வைத்துத்தான் நான் தொடங்குவேன். இது என் பழக்கம், சட்டம் அல்ல. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான காற்று-பெட்ரோல் எடை விகிதம் வழக்கமான 14.7 அல்ல, ஏறக்குறைய 14.1. அதனால் மீட்டரை லாம்டாவில் படித்தால் குழப்பம் இல்லை.

கார் மேப்பில் இரண்டு செட்டிங்கை மாற்றாமல் படகை அவிழ்க்கவே வேண்டாம். உங்கள் எஞ்சின் ஏரித் தண்ணீரையே நேராகச் சுற்றவிட்டுக் குளிர்வது என்றால், தெர்மோஸ்டாட் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருக்கும். கடல் தண்ணீரில் அதற்கு மேல் போனால் உள்ளே உப்பு படியும் என்பதால் வந்த பழைய வழக்கம் அது. கார் மேப்போ 70, 80 டிகிரி வரும்வரை எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். சீசன் முழுக்க சோக் போட்டு ஓட்டியதற்குச் சமம்: ஆயிலில் பெட்ரோல் கலக்கும், பிளக்குகள் கரி பிடிக்கும். வார்ம்-அப் கணக்கை 50, 55 டிகிரியில் முடித்துவிடுங்கள். அடுத்தது, த்ராட்டிலை விட்டதும் இன்ஜெக்டரை மூடும் சிக்கன செட்டிங். காரில் நல்லது. படகில் அதை அணைத்துவிடுங்கள். படகுத்துறைக்கு வந்து கியரை ரிவர்ஸில் போடும் நேரத்தில் எஞ்சின் அணைந்தால் படகுக்கு பிரேக் கிடையாது.

எக்ஸாஸ்ட்டில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கலவையைச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் பற்றி மாற்றுக் கருத்துகள் உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். மேப்பைத் தானே கற்றுக்கொள்ளும் கிட்கள் எல்லாம் அந்தச் சென்சாரை நம்பித்தான் ஓடுகின்றன. படகின் எக்ஸாஸ்ட்டிலோ தண்ணீர் கலந்து வெளியே போகிறது. ஐடிலில் அந்தத் தண்ணீரின் ஈரம் பின்னோக்கி இழுக்கப்படும். சூடான செராமிக்கில் ஒரு துளி விழுந்தால் சென்சார் விரிசல் விடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் உறை இருப்பதால் கண்ட இடத்தில் துளைக்கவும் முடியாது. மேனிஃபோல்டுக்கும் தண்ணீர் கலக்கும் வளைவுக்கும் நடுவே, உலர்ந்த பகுதியில், ஒரு ஸ்பேசர் வைத்து அதில்தான் சென்சாரைத் திருக வேண்டும். ட்யூனிங் முடியும்வரை வைத்திருங்கள். முடிந்ததும் கழற்றி, துளையை அடைப்பான் போட்டு மூடிவிட்டு மேப்பை மட்டும் நம்பி ஓட்டுங்கள். நிரந்தரமாக வைத்தே தீருவேன் என்றால், அது திருத்தக்கூடிய அளவைப் பத்து சதவீதத்துக்குள் கட்டிப்போடுங்கள். கெட்டுப்போன சென்சார் கலவை செறிவாக இருக்கிறது என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போய் பிஸ்டனை உருக்கும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்ப், கம்ப்யூட்டர், இன்ஜெக்டர், இக்னிஷன் எல்லாம் சேர்த்து 15 ஆம்பியர் பக்கம் விடாமல் இழுக்கும். பழைய டைனமோ இருந்தால் மரைன் ஆல்டர்னேட்டருக்கு மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். 10க்குக் கீழே விழுந்தால் முதலில் கேபிள்களைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகப் போகட்டும். பழைய பாயின்ட் (தொடுமுனை) இக்னிஷனின் மின் இரைச்சல் கம்ப்யூட்டரைக் குழப்பும், அதனால் மூடிய மரைன் எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரும் ரெசிஸ்டர் வயர்களும் முதலில் வரட்டும். ஒரு மாதம் அதோடு கார்புரேட்டரிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு இன்ஜெக்ஷனைத் தொடுங்கள். உங்களுடையது இரட்டை எஞ்சின் படகா என்று எழுதவில்லை. இரட்டை என்றால் பெரும்பாலும் ஒன்று எதிர்த்திசையில் சுற்றும்; அதன் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-2-7-5-6-3-4-8, மற்றதற்கு 1-8-4-3-6-5-7-2. ஒரே மேப்பை இரண்டிலும் வைக்கலாம், ஒரே வயரிங்கை வைக்க முடியாது.

இதனால் என்ன கிடைக்கும்? குளிரிலும் சூட்டிலும் உடனே ஸ்டார்ட் ஆவது, சீரான ஐடில், குறைந்த வாடை; வேலை ஒழுங்காக நடந்திருந்தால் இவை நிச்சயம். பெட்ரோல் மிச்சமாகுமா என்றால் எனக்குச் சந்தேகம். மிச்சமானது என்று சொல்பவர்களில் பலர், செட்டிங் கெட்டுப்போன கார்புரேட்டரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். சக்தி கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஞ்சினின் கம்ப்ரெஷனும் வால்வுகளும் எப்படி இருக்கின்றன என்பதைப் படகைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. அவை தேய்ந்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் சரி செய்யாது. இன்னொன்று, ஏசிபிஎஸ் எனப்படும் பழம்படகுச் சங்கத்தின் காட்சிகளில் அசல் நிலைக்குத்தான் மதிப்பெண். 1943 முதல் 1975 வரையிலானவை அவர்கள் கணக்கில் கிளாசிக். உங்கள் படகு அதில் வரும். கார்புரேட்டர், கேஸ்கெட், லிங்கேஜ் எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் வைத்திருங்கள். படகை விற்கும்போதும் கேட்பார்கள்.

வேலையைக் குளிர்காலத்தில், படகு கரையில் இருக்கும்போது செய்யுங்கள். இந்தச் சோதனைக்காக மட்டும் பம்பைத் தனியே ஓடவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்து உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். தண்ணீரில் இறக்கிய பிறகு படகுத்துறையில் கட்டியபடியே முதல் ஓட்டம். ஒவ்வொரு முறையும் எஞ்சின் அறையின் ஆவியை வெளியே இழுக்கும் ப்ளோவரை நாலு நிமிடம் ஓடவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து மூக்கால் மோந்து பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். ஏரிக்குள் போகும்போது ஓட்டுபவர் ஒருவர், லேப்டாப் பார்ப்பவர் இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது. முழுத் த்ராட்டிலைக் கடைசியில் தொடுங்கள், அதுவும் சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம். உடனே எஞ்சினை அணைத்து, எட்டு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். இக்னிஷன் டைமிங்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.